மாமனார் பேரைக் கேட்டவள்

டீயைக் குடிங்க நாஸ்குல், ஆறிடும். எங்க நரின் மலையூர்ல அக்டோபர் வந்துட்டா, அடுப்புப் பக்கத்துல வச்சாலும் டீ சூடா நிக்காது. அந்த ஜாம் நான் போட்டதுதான். ஆத்தங்கரையில காய்க்கிற கறுப்புப் பழம், ரொட்டியில தடவிச் சாப்பிட்டுப் பாருங்க. ஜூராவுக்கு இந்த பிளாஸ்டிக் கப்புல ஊத்தியிருக்கேன். பீங்கான் கிண்ணம்னா கை நடுங்கி மேல கொட்டிக்குவா, பாவம். நீங்களே எடுத்து அவ கையில குடுங்க. வேண்டாம்ங்கிறாளா? சரி, இருக்கட்டும், அப்புறமா குடிப்பா.

நீங்க வக்கீல், நேரா விஷயத்துக்கு வந்துட்டீங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஜூராவுக்குச் சுயமா முடிவெடுக்கிற புத்தி இல்லன்னு அன்னைக்கு ஆஸ்பத்திரியில நாங்க எழுதிக் குடுத்தது தப்புன்னு நான் கோர்ட்ல வந்து சொல்லணும். சொன்னா பழைய தீர்ப்பு மாறும். மாறினா இவ கையெழுத்து செல்லும். இவ பையன் எல்தியாரை வளக்கிற பெரியப்பா குடும்பத்தோட ரஷ்யாவுல போய்க் குடியேறப் போறாரு. பையனைக் கூட்டிட்டுப் போக பெத்தவளோட சம்மதம் வேணும், ஆனா சட்டத்துக்கு முன்னால புத்தியில்லாதவகிட்ட யாரும் சம்மதம் கேக்க வேண்டியதில்ல. இவதான் தன்னோட அம்மான்னுகூடத் தெரியாம அந்தப் பிள்ளை ரயிலேறிடும். இவ்வளவுதானே விஷயம். எனக்கு நல்லாப் புரியுது.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். உடம்பு முடியாதவங்களைக் கேவலமா நினைக்கிற ஆளு நான் இல்ல. போன வருஷம் வெளிநாட்டுக்காரங்க சில பேர் வந்து, எங்க மருத்துவ மாணவங்ககிட்டயும் சந்தையில உள்ள ஜனங்ககிட்டயும் ஒரே கேள்விகளைக் கேட்டாங்க. கை கால் சரியில்லாதவங்க பக்கத்துல உக்காருவீங்களா, அவங்களுக்குப் பொண்ணு குடுப்பீங்களா, அவங்க பிள்ளை பெத்துக்கலாமான்னு. சந்தையில எல்லாரும் சிரிச்சுட்டாங்க. "பாவம்னு ரொட்டி குடுப்போம், பொண்ணை எப்படிங்க குடுக்கறது?"ன்னு ஒரு கறிக்கடைக்காரர் கேட்டாராம். என் மாணவங்க எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொன்னாங்க. நான் சொல்லிக் குடுத்ததுதான். நோயாளியோட கண்ணைப் பாத்துப் பேசுன்னு முதல் வகுப்புலயே சொல்லிடுவேன்.

ஜூராவைக் கொண்டு வந்த காலத்துல நான் பயிற்சி டாக்டர். மனநலப் பிரிவுல பேராசிரியர் கஸிபெக் ஐயாகிட்ட வேலை கத்துக்கிட்டு இருந்தேன். கல்யாணம் ஆன புதுசு. ஜூராவை அவ மாமனார் பல்தபாய் கூட்டிட்டு வந்தாரு. மேல் பள்ளத்தாக்கு கிராமத்துக்காரர், குரலை உயர்த்திப் பேசவே தெரியாத மனுஷன். இவ புருஷன் ஆஸ்கத், ரஷ்யாவுல கட்டட வேலைக்குப் போன இடத்துல சாரத்துல இருந்து விழுந்து செத்துட்டான். இவ கையில பால் குடிக்கிற ஆம்பளப் பிள்ளை.

இவ எப்படி இருந்தான்னு உங்களுக்குத் தெரியணும். இப்ப பாக்கிற மாதிரியேதான். இடது கை மணிக்கட்டுல மடங்கி இருக்கும், கால் ஒண்ணு இழுக்கும், பேச்சு மெதுவா, கொஞ்சம் குழறி வரும். பிறந்தப்பவே மூச்சு முட்டி மூளையில பட்ட அடி. அது கையையும் காலையும் நாக்கையும்தான் தொட்டுது, புத்தியைத் தொடல. இதெல்லாம் புத்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கும், எனக்குத் தெரியாம இல்ல.

பல்தபாய் என்கிட்டதான் முதல்ல பேசினாரு. "டாக்டரம்மா, மருமக மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அந்தக் காலை வச்சுக்கிட்டு தினம் காலையில மூணு தரம் குனிஞ்சு மரியாதை செய்றா. ஆனா பேரன் கைக்குழந்தை. அடுப்புல கிடுப்புல போட்டுட்டா நாங்க எங்க போறது? மூத்தவன் ஜென்கிஷுக்கும் பிள்ளை இல்ல."

கூட வந்த மாமியார் சபிரா அம்மா முக்காட்டு நுனியால மூக்கைத் துடைச்சாங்க. "ஊர்ல வாய்க்கு வந்ததைப் பேசுறாங்கம்மா. உங்க வீட்டுக்கு வேற மருமகளே கிடைக்கலையான்னு மூஞ்சிக்கு நேராக் கேக்குறாங்க. ஆஸ்கத் இருந்தான், கேட்டுக்கிட்டோம். இப்ப எதுக்குக் கேட்டுக்கணும்?"

பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி தன் பிள்ளையைக் குடுக்கிறது நம்மகிட்ட உள்ள வழக்கம்தான், அதுல தப்பு இல்ல. ஆனா பெத்தவ தன் கையால தூக்கிக் குடுக்கணும். இவளைக் கேட்டிருக்காங்க. முடியாதுன்னுட்டா. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள்ள வந்த நாள்லேர்ந்து இவ மாமனார்கிட்ட முடியாதுன்னு சொன்னது அது ஒண்ணுதான். அதனாலதான் எங்ககிட்ட வந்தாங்க. இவளுக்குப் புத்தி இல்லன்னு நாங்க சொல்லிட்டா, முடியாதுங்கிறதுக்கும் மதிப்பு இல்ல.

பிள்ளையோடவே வார்டுல சேத்தோம், கொஞ்ச நாள் வச்சுப் பாக்கறதுக்காக. கூட இருந்த பயிற்சி டாக்டருங்க இவளுக்கு "கொக்கி"ன்னு பேர் வச்சுட்டாங்க. இவ நடைபாதையில வந்தாலே, "டேய், கொக்கி வருது, தள்ளி நில்லு, கோட்டைப் பிடிச்சு மாட்டிக்கும்"னு ஒருத்தன் சொல்லுவான், மத்தவங்க இளிப்பாங்க. நாளைக்கு டாக்டராகப் போறவங்க. நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல. நான் மட்டும்தான் இவ கட்டில்ல உக்காந்து கையைப் பிடிச்சுப் பேசுவேன், அந்த மடங்கின கையை. வேணும்னா இவகிட்டயே கேட்டுப் பாருங்க.

இவ பால் குடுக்கிறதை நான் பாத்திருக்கேன். பிள்ளையை மெத்தையில கிடத்துவா, ஒருக்களிச்சுப் படுப்பா, சட்டையைப் பல்லால கடிச்சு விலக்கிக்குவா. நல்ல கைதான் பிள்ளையோட முதுகுல இருக்கும். ஒரு தடவைகூட நழுவ விட்டதில்ல. பிள்ளை கொழுகொழுன்னு இருந்தான், தொடையெல்லாம் மடிப்பு மடிப்பா.

எனக்கு அப்ப ரெண்டு தடவை கரு கலைஞ்சிருந்துச்சு. ஒரு நாள் அதைப் பத்தி இவகிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். இவ உடனே என் கையைத் தடவிக் குடுத்து, "அழாதீங்க அக்கா. உங்களுக்கும் வரும் பாருங்க. உங்களுக்கு என்ன குறைச்சல்?"னா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. யாரு யாருக்கு ஆறுதல் சொல்றதுன்னு ஒரு முறை இருக்கில்ல. ஆனா அதுக்கும் அப்புறம் நடந்ததுக்கும் சம்பந்தம் கிடையாது. நீங்க எல்லாத்தையும் சொல்லணும்னீங்க, அதனால சொல்றேன்.

பரிசோதனை நடந்த நாளுக்கு வரேன். பெரிய கூடம். கஸிபெக் ஐயா நடுவுல, சுத்தி நாங்க பயிற்சி டாக்டருங்க. எப்பவும் கேக்கிற கேள்விகளைத்தான் கேட்டோம்னு உங்ககிட்ட போன்ல சொன்னேன். அது முழு உண்மை இல்ல. எப்பவும் கேக்கிற கேள்விகளை ஐயா கேட்டாரு. இது என்ன மாசம், பெரிய நோட்டை நீட்டினா கடைக்காரன் மிச்சம் எவ்வளவு தருவான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வே. இவ ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா எல்லாம் சரி. காய்ச்சல் கேள்விக்கு நாங்க எதிர்பாத்ததைவிட அதிகமாவே சொன்னா. கல்யாணத்துக்கு முன்னால ஊர் நூலகத்துல வேலை பாத்தவதானே.

பின்னால பசங்களுக்கு சுவாரசியம் போயிடுச்சு, கொட்டாவி விட்டாங்க. ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "பொண்ணு தெளிவாத்தான் இருக்கா. வெளியில அந்தப் பெரியவர் காத்துக்கிட்டு இருக்காரு, அவருக்கு என்ன சொல்றது? சால்கின், நீதானே இவளைப் பாத்துக்கிட்டே. உனக்கு என்ன தோணுது?"

அவரு கேட்டது நிஜமாவே கேள்விதான். நான் "சரியா இருக்கா ஐயா"ன்னு சொல்லியிருந்தா, அதோட முடிஞ்சிருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இவ வீட்டுக்குப் போயிருப்பா.

"நான் ரெண்டு கேள்வி கேக்கட்டுமா ஐயா? குடும்பத்துப் பெரியவரையும் உள்ள கூப்பிட்டா நல்லது, அவங்க முன்னால கேக்கறதுதான் முறை"ன்னேன். என்ன பணிவு பாருங்க.

பல்தபாய் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தாரு. அவரைப் பாத்ததும் இவ எழுந்து நின்னு, முக்காட்டை இழுத்துவிட்டு, முறைப்படி மூணு தரம் குனிஞ்சா. மூணாவது தரம் கால் தடுமாறி நாற்காலியைப் பிடிச்சா. பசங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நான் காத்திருந்தேன்.

அப்புறம் கேட்டேன். "ஜூரா, உன் மாமனார் பேர் என்ன?"

நீங்க தலைநகர் பிஷ்கெக்ல வளர்ந்தவங்க, உங்க மாமனாரை என்ன சொல்லிக் கூப்பிடுறீங்களோ எனக்குத் தெரியாது. எங்க மலைப்பக்கம் மருமக மாமனார் பேரைச் சொல்ல மாட்டா. மாமியார் பேரையும் சொல்ல மாட்டா, புருஷனோட அண்ணன், அந்த மூத்தார் பேரையும், புருஷன் பேரையும் சொல்ல மாட்டா. கத்தி வச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டா, அதுவும் அவரு எதிர்ல நிக்கும்போது. அந்தப் பேர் மாதிரி இருக்கிற பொருளோட பேரைக்கூட மாத்தித்தான் சொல்லுவா.

இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் திரும்பக் கேட்டேன். "பெரியவர்"னா. புருஷன் பேர் கேட்டேன். "பிள்ளையோட அப்பா"ன்னா. மாமியார் பேர், மூத்தார் பேர். வாயைத் திறக்கல. கடைசியா ஒரு கோடாலிப் படத்தைக் காட்டினேன். கோடாலிக்கு நம்ம பாஷையில பல்தா, அவ மாமனாரோ பல்தபாய். "மரம் வெட்டறது"ன்னா. பின்னாலிருந்து ஒருத்தன், "அடப்பாவமே, கோடாலிகூடத் தெரியலடா"ன்னான்.

அந்தக் கூடத்துல இருந்த அத்தனை பேரும் நம்ம ஆளுங்க. கஸிபெக் ஐயா பொண்டாட்டி அவரை "இந்தாங்க"ன்னுதான் கூப்பிடுவாங்க. பல்தபாய்க்கு எல்லாரையும்விட நல்லாத் தெரியும், தொப்பியையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. இதே கேள்வியை என்கிட்டக் கேட்டு, நான் தலையைக் குனிஞ்சிருந்தா, ஆகா என்ன அடக்கமான மருமகள்னு சொல்லியிருப்பாங்க. இவ குனிஞ்சப்ப மந்தம்னுட்டாங்க.

இவ என்னைப் பாத்தா. நான் ஏதோ யோசிக்காம கேட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டா, கண்ணாலேயே மாமனார் பக்கம் ஜாடை காட்டினா. அப்புறம் மெதுவா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, "அக்கா, அவர் நிக்கிறாரே"ன்னா.

"என்ன சொல்றா?"ன்னு ஐயா கேட்டாரு.

"தெரியலங்கய்யா. ஏதோ குழறுறா"ன்னேன்.

இதைத்தான் நீங்க கேக்க வந்தீங்க. எனக்கு அந்த வழக்கம் தெரியாதான்னு. கல்யாணமான நாள்லேர்ந்து என் மாமனார் சாகிற வரைக்கும் அவர் பேரை நான் ஒரு தடவைகூட வாயால சொன்னதில்ல. இவளால எதைச் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான் அந்தக் கேள்வியை எடுத்தேன். சொல்லவே முடியாம இருக்கட்டும்னுதான் அவரை உள்ள கூப்பிட்டேன். நெருங்கின சொந்தங்களோட பேர் தெரியல, சாதாரணப் பொருளைக்கூட அடையாளம் சொல்லத் தெரியலன்னு என் கையாலதான் எழுதினேன். கோர்ட்டு அதை அப்படியே ஏத்துக்கிச்சு. ஐயா என் தோள்ல தட்டி, "நல்ல கூர்மைம்மா உனக்கு"ன்னாரு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அன்னைக்கு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. இப்ப நெனச்சா உடம்பு கூசுது.

இன்னைக்கு என் வீட்டு வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம நின்னு, என் முகத்தைப் பாத்து ஒவ்வொரு பேராச் சொன்னாளே, கவனிச்சீங்களா? பல்தபாய். சபிரா. ஜென்கிஷ். ஆஸ்கத். நீங்க ஒண்ணும் புரியாம முழிச்சீங்க. எனக்குப் புரிஞ்சுது. புரியாத மாதிரி, உள்ள வாங்க, குளிருதுன்னேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. போன்ல அதை நான் சொல்லல.

தீர்ப்பு வந்த அன்னைக்கு ஜென்கிஷும் அவர் பொண்டாட்டியும் வண்டியில வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க. வார்டுல நர்ஸ் போய்ப் பிள்ளையைக் கேட்டா, இவ குடுக்கல. இன்னொருத்தி போனா, அவ கையை இவ கடிச்சுட்டா. பிள்ளையை மார்போட சேத்து, சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. நாலு பேர் பிடிச்சுப் பிடுங்கலாம்னாங்க. நான் வேண்டாம்னேன், பிள்ளைக்கு அடி பட்டுடும். நான் போய்ப் பேசறேன்னேன்.

போய் எப்பவும் போலக் கட்டில்ல உக்காந்தேன். கையைப் பிடிச்சேன். "ஜூரா, இன்னைக்குத் தடுப்பூசி போடற நாள். குடு, நானே போட்டுத் தூக்கிட்டு வந்துடறேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்"னேன். இவ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் பிள்ளையோட தலையில குல்லாவைச் சரி பண்ணிட்டு, "அழுதா விரலைச் சப்பக் குடுங்க அக்கா, அடங்கிடுவான்"னு சொல்லி, அந்த நல்ல கையால தூக்கி என் கையில குடுத்தா.

பெத்தவ தன் கையால குடுக்கணும்ங்கிறது முறை. குடுத்துட்டா.

சாயங்காலம் மார்பு கட்டிக்கிட்டு இவ துடிச்சப்ப, துணியால இறுக்கிக் கட்டிப் பால் வத்தறதுக்கு மாத்திரை குடுத்ததும் நான்தான். இது எதுக்குன்னு கேட்டா. சளிக்குன்னு சொன்னேன். அடுத்த வாரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற, புத்தி சரியில்லாதவங்களை அடைச்சு வைக்கிற விடுதிக்கு அனுப்பிட்டாங்க. சுத்திச் சுவர், இரும்புக் கேட்டு. உடம்பு முடியாதவங்களுக்காக நடத்துற உங்க சங்கத்துக்காரங்க கண்டுபிடிச்சு வெளியில கொண்டு வர்ற வரைக்கும் இவ அங்கதான் இருந்தா. நான் ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கல. போகணும்னு நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

என்ன சொல்றா? எனக்குச் சரியாக் கேக்கல, நீங்க சொல்லுங்க. பிள்ளை அழுதானான்னு கேக்கிறாளா?

இல்லன்னு சொல்லுங்க. தூங்கிட்டான்னு சொல்லுங்க.

இல்ல, இருங்க. என்னையேதான் பாக்கிறா. அழுதான். நடைபாதையில பாதி தூரம் போறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான். இவ சொன்ன மாதிரியே சுண்டு விரலைக் குடுத்தேன், சப்பினான், அடங்கினான். வாசல்ல அவங்ககிட்ட குடுக்கும்போது என் விரலை விடல. அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருந்தான். நானே பிரிச்சு எடுத்தேன். வண்டி திரும்பிப் பாலம் தாண்டற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. என்னை மன்னிச்சுடு ஜூரா.

பாருங்க, அழறா. இதுக்குத்தான் நான் சொல்ல வேண்டாம்னு பாத்தேன். தண்ணி கொண்டு வரட்டுமா? அந்தத் துண்டை எடுத்து நீங்க கொஞ்சம் அவ முகத்தைத் துடைச்சு விடுங்க. ஏன் கையைத் தட்டி விடறா?

நான் கோர்ட்டுக்கு வரேன் நாஸ்குல். சத்தியமா வரேன். என் மாணவங்க வந்து உக்காந்து கேட்டாலும் பரவாயில்ல, வேலை போனாலும் போகட்டும். கேள்வியை எடுத்தது நான், அவரை உள்ள கூப்பிட்டது நான், குழறுறான்னு பொய் சொன்னது நான், ஊசின்னு சொல்லிப் பிள்ளையை வாங்கினது நான். நீதிபதி முன்னால ஒரு வார்த்தை விடாம சொல்றேன். பையன் போறதுக்குள்ள தீர்ப்பு மாறணும், அதுக்கு என்னால ஆனதையெல்லாம் செய்றேன். இத்தனை வருஷம் இதைச் சுமந்துக்கிட்டு, கண்ணாடியில என் முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசிச்சு. இனிமே அப்படி இருக்க மாட்டேன். நான் இப்ப பழைய சால்கின் இல்ல.

ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அன்னைக்கு இவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க. அங்க அத்தனை பேர் முன்னால இவ குழறுறதைப் பாத்தா நீதிபதிக்கே சந்தேகம் வந்துடும், அந்தப் பையனும் வந்திருப்பான், இவளை இப்படிப் பாக்க வேண்டாம். இவ நல்லதுக்குத்தான் சொல்றேன், இவளுக்குப் பதிலா நானே பேசிடறேன்.